மருந்தால் போனதா, மழையால் போனதா? ஒப்பீட்டுச் சோதனை: ஓர் எளிய அறிமுகம்

2016ஆம் ஆண்டில் பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத் தென்னந்தோப்புகளிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் பாலக்காட்டுத் தோப்புகளிலும், அதுவரை நம் நாட்டில் பதிவாகாத ஒரு பூச்சி தென்பட்டது. சுருள் வெள்ளை ஈ என்பது அதன் பெயர். ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டு, வெள்ளை மெழுகால் மூடி, அங்கேயே கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் இனிப்பு நீர் கீழே உள்ள ஓலைகளிலும், ஊடுபயிராக நிற்கும் வாழை இலைகளிலும் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, தோப்பு முழுவதும் கரி பூசினாற்போல் ஆகிவிடும்.

அடுத்த கோடையில் ஆனைமலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பெரியப்பா தோப்பில் ஈ உச்சத்துக்குப் போனபோது, அவர் விசைத்தெளிப்பானை வாடகைக்கு எடுத்து இரண்டு முறை பூச்சிமருந்து அடித்தார். சில வாரங்களில் ஈ குறைந்தது. "மருந்து நல்லாக் கேட்டுதுங்க" என்று அவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அதே வாரங்களில் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் எங்கள் மாமா, ஆள் கிடைக்காததால் ஒரு சொட்டு மருந்துகூட அடிக்கவில்லை. அவர் தோப்பிலும் ஈ குறைந்தது. இடையில் நடந்தது என்னவென்றால், பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவமழை வந்து இரண்டு தோப்புகளையும் ஒரே மாதிரி நனைத்தது.

பெரியப்பா பொய் சொல்லவில்லை. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். மருந்து அடித்ததும் உண்மை, அதன்பின் ஈ குறைந்ததும் உண்மை. ஆனால் 'அதன்பின்' என்பதும் 'அதனால்' என்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டு சொற்களையும் பிரித்தறிவதற்கு மனிதர்கள் கண்டுபிடித்த கருவிதான் ஒப்பீட்டுச் சோதனை. வயலில் புதிய உரத்தையோ ரகத்தையோ பரிந்துரைப்பதற்கு முன்பும், மருத்துவமனையில் புதிய மருந்தை எழுதிக் கொடுப்பதற்கு முன்பும் இன்று ஆராய்ச்சியாளர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'இதைச் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?' என்பதுதான். செய்ததன் விளைவை நேரில் பார்த்துவிடலாம். செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அதே மரத்தில், அதே மனிதரிடத்தில் ஒருபோதும் பார்க்க முடியாது. ஆகவே அதைக் காட்டுவதற்கு வேறு சில மரங்களை, வேறு சில மனிதர்களைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தத் துணைக்குத்தான் ஒப்பீட்டுக் குழு என்று பெயர்.

அப்படியானால் மாமாவின் தோப்பே ஒப்பீட்டுக் குழு ஆகிவிடாதா என்று கேட்கலாம். பாதி ஆகும், முழுவதும் ஆகாது. மாமாவின் மரங்கள் வயதில் இளையவை. அவர் மண் வேறு. கணவாய்க் காற்று அங்கே இன்னும் பலமாக அடிக்கும். அவர் மருந்து அடிக்காததால் அங்கே பெருகியிருக்கக்கூடிய வேறொரு உயிரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். என்கார்சியா என்று ஒரு குளவி இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட நீளம் இருக்காது. அது வெள்ளை ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிடும். உள்ளே பிறக்கும் புழு அந்தக் குஞ்சைத் தின்று வளரும். தாக்கப்பட்ட குஞ்சு கறுத்துப்போகும். பூச்சிமருந்து இந்தக் குளவியையும் கொல்லும் என்பதால்தான், இந்த ஈக்கு மருந்து அடிக்க வேண்டாம், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், குளவியைக் காப்பாற்றுங்கள் என்று வேளாண் ஆராய்ச்சியாளர்கள் சொல்லி வருகிறார்கள். இரண்டு தோப்பிலும் ஈ குறைந்தது என்றால், ஒன்றில் மருந்தும் மழையும், மற்றொன்றில் குளவியும் மழையும் வேலை செய்திருக்கலாம். அல்லது இரண்டிலும் மழை மட்டுமே வேலை செய்திருக்கலாம். வெவ்வேறு விதமான இரண்டு தோப்புகளை வைத்துக்கொண்டு இதைப் பிரிக்க வழியில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. எவரும் பூச்சி கொஞ்சமாக இருக்கும்போது மருந்து அடிப்பதில்லை. மிக மோசமான நாளில்தான் அடிக்கிறோம். காய்ச்சலும் அப்படித்தான், உடம்பு அனலாகக் கொதிக்கும் அன்றுதான் மருத்துவரிடம் ஓடுகிறோம். ஏறியும் இறங்கியும் வரும் எதுவும் உச்சத்தில் இருக்கும்போது, அதற்கு அடுத்தபடி பெரும்பாலும் இறக்கம்தான். எனவே உச்சத்தில் கொடுக்கப்படும் எந்த மருந்தும், அது வெறும் தண்ணீராகவே இருந்தாலும், கேட்டதுபோலத் தோன்றும்.

இந்தச் சிக்கலை முதலில் முறையாக அவிழ்த்தது மருத்துவமனையில் அல்ல, வயலில். இங்கிலாந்தில் லண்டனுக்கு வடக்கே ரோத்தம்ஸ்டெட் என்ற வேளாண் ஆய்வு நிலையத்தில் 1843ஆம் ஆண்டு முதல் ஒரே வயலில் கோதுமை விதைத்து, ஒரு பட்டைக்குத் தொழுவுரம், ஒரு பட்டைக்கு ரசாயன உரம், ஒரு பட்டைக்கு எதுவுமே இல்லை என்று தொடர்ந்து கணக்கு எழுதி வந்தார்கள். நம் கோயம்புத்தூரிலும், இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில், 1909ஆம் ஆண்டில் இதே போன்ற நிரந்தர உரச் சோதனை தொடங்கப்பட்டது. அங்கும் எதுவுமே இடாத பாத்தி ஒன்று உண்டு. பார்க்க வருகிறவர்கள் கண்ணுக்கு ஏழைப் பயிராகத் தெரியும் அந்தப் பாத்திதான் அந்தச் சோதனையின் உயிர் என்பது என் எண்ணம். அது இல்லாவிட்டால் மற்றப் பாத்திகளின் விளைச்சல் வெறும் எண்களே.

1919இல் ரோத்தம்ஸ்டெட்டுக்கு ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் வேலைக்கு வந்தார். பல பத்தாண்டுக் கணக்கேடுகளைப் புரட்டிய அவர் முன் நின்ற சங்கடம், எந்த உழவருக்கும் தெரிந்த சங்கடம்தான்: ஒரே வயலில் ஒரு மூலை மேடு, ஒரு மூலை பள்ளம், வாய்க்கால் ஓரத்துப் பயிர் செழிக்கும், வேலியோரத்துப் பயிர் நிழலில் நோஞ்சானாக நிற்கும். புதிய உரம் இட்ட பாத்தி நன்றாக விளைந்தால் அது உரத்தின் குணமா, இடத்தின் குணமா? ஃபிஷர் சொன்ன விடை, முதல் பார்வைக்கு விளையாட்டுப் போலத் தெரியும். எந்தப் பாத்திக்கு உரம், எந்தப் பாத்திக்கு இல்லை என்பதை மனிதர் முடிவு செய்யக்கூடாது. சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். அதுவும் ஓரிரு பாத்திகளில் அல்ல, பல பாத்திகளில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஏன் சீட்டு? மனிதரிடம் விட்டால், புதிய ரகத்தின் மேல் ஆசை வைத்தவர் தன்னையறியாமல் அதைக் கிணற்றடி மண்ணில் நடுவார். சீட்டுக்கு ஆசை கிடையாது. அது மேட்டையும் பள்ளத்தையும் இரண்டு பக்கத்துக்கும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிட்டுவிடும். நமக்குத் தெரிந்த வேறுபாடுகளை மட்டுமல்ல, மண்ணுக்கடியில் நமக்குத் தெரியாமலே கிடக்கும் வேறுபாடுகளையும் பங்கிட்டுவிடும். இதற்குச் சமவாய்ப்பு முறை என்று பெயர். தெரியாததையும் சமன் செய்யும் என்ற இந்த ஒரு குணத்துக்காகவே, இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய சிந்தனைகளில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன்.

வயலில் முளைத்த இந்த முறை மருத்துவமனைக்குப் போன வழியிலும் மண் வாசனை உண்டு. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூஜெர்சியில், வேளாண் கல்லூரி ஒன்றின் மண் நுண்ணுயிரியல் பிரிவில் செல்மன் வாக்ஸ்மனின் கீழ் ஆய்வு செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர், எரு மிகுந்த மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார். அதுவரை சரியான மருந்தே இல்லாதிருந்த காசநோயின் கிருமியை அது ஆய்வுக்கூடத்தில் கொன்றது. ஆனால் காசநோய் தானாக ஏறியும் இறங்கியும் போகக்கூடிய நோய். சிலர் மருந்தில்லாமலே தேறுவார்கள். அதற்கு முன் தங்கம் கலந்த ஊசிமருந்துகளைப் பல ஆண்டுகள் நம்பிப் போட்டு ஏமாந்த அனுபவமும் மருத்துவர்களுக்கு இருந்தது.

போருக்குப் பின் பிரிட்டனிடம் டாலர் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் மிகக் கொஞ்சமே கிடைத்தது. எல்லாருக்கும் கொடுக்க முடியாது என்பது உறுதியான நிலையில், யாருக்குக் கொடுப்பது என்பதைச் சீட்டின் வழியே முடிவு செய்வதே நியாயமானது என்று பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளர் வாதிட்டார். நோயாளி எந்தக் குழு என்பது ஒட்டப்பட்ட உறைக்குள் இருந்தது. அவரைச் சோதனையில் சேர்த்தபின்தான் உறையைப் பிரிப்பார்கள். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு அன்றைய வழக்கப்படி படுக்கை ஓய்வு மட்டும். நெஞ்சு எக்ஸ்ரே படங்களைப் பார்த்துத் தேறியதா இல்லையா என்று சொன்ன மருத்துவர்களுக்கு, எந்தப் படம் எந்தக் குழுவைச் சேர்ந்தவருடையது என்று தெரியாது. ஆறு மாதங்களில் மருந்து பெற்ற குழுவில் 4 பேரும், பெறாத குழுவில் 14 பேரும் இறந்திருந்தார்கள். 1948இல் இந்த முடிவு வெளியானது.

அதே சோதனை இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. மருந்து பெற்ற பலரிடம் கிருமி சில மாதங்களில் மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறிவிட்டது; ஆண்டுகள் செல்லச் செல்ல இரண்டு குழுக்களுக்கும் இடையிலான இடைவெளி சுருங்கியது. ஒப்பீட்டுக் குழு இல்லாமலிருந்தால், தொடக்கத்தில் கிடைத்த வெற்றியின் மகிழ்ச்சியில் இது வெகுநாள் கண்ணில் படாமல் போயிருக்கும். ஒரு மருந்தோடு நிறுத்தாமல் வேறொன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற பாடம் அங்கிருந்து வந்ததுதான். இன்று காசநோய்க்குப் பல மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பதும் அதனால்தான்.

அடுத்த பெரிய கேள்விக்கு விடை தந்தது நம் சென்னை. காசநோயாளி என்றால் வீட்டைவிட்டுப் பிரித்து, காற்றோட்டமான சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, பாலும் முட்டையும் கொடுத்துத் தேற்ற வேண்டும் என்பது அன்றைய உலக வழக்கம். தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையம் இன்றும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. இந்தியாவில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அத்தனை படுக்கைகளை ஒருபோதும் கட்டியிருக்க முடியாது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கி, ஏழை நோயாளிகள் 193 பேரைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்தன. ஒரு பகுதியினர் சானடோரியத்தில்; மற்றப் பகுதியினர் தங்கள் வீட்டில். இங்கே கவனிக்க வேண்டியது, மருந்து இரு குழுக்களுக்கும் ஒன்றே என்பது. ஒப்பிடப்பட்டது மருந்து அல்ல, படுக்கை.

வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான அறைகளில் வாழ்ந்தார்கள், சாப்பாடு மட்டம், ஓய்வு குறைவு. இருந்தும் ஓராண்டின் முடிவில் அவர்கள் தேறிய விகிதம் சானடோரியத்தில் இருந்தவர்கள் தேறிய விகிதத்துக்கு மிக அருகில் வந்தது. வீட்டிலிருந்த மற்றவர்களுக்குத் தொற்றுமே என்ற பயமும் இருந்தது; ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. 1959இல் முதல் முடிவு வெளியான இந்த ஆய்வுக்குப் பின், காசநோய் மருத்துவம் உலகெங்கும் சானடோரியத்தை விட்டு வீட்டை நோக்கி நகர்ந்தது. இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற ஒவ்வொரு காசநோயாளியும், அந்த 193 பேருக்கு ஏதோ ஒரு வகையில் கடன்பட்டவர்.

ஒரு சோதனையில் நல்ல முடிவு வந்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு, எல்லையின் இரண்டு பக்கமும் எல்லாரும் அறிந்த ஒரு செடியே சாட்சி. நாம் கீழாநெல்லி என்கிறோம், மலையாளத்தில் கீழார்நெல்லி. மஞ்சள் காமாலைக்கு இதை அரைத்து மோரில் கலந்து குடிக்காத குடும்பம் எங்கள் பக்கத்தில் அரிது. கெட்ட தண்ணீரால் வரும் காமாலை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும் என்பதால், இந்த வகைக் காமாலையில் செடி கேட்டதா, நாள் கேட்டதா என்று சொல்லவே முடியாது. ஆனால் மஞ்சள் காமாலை பி கிருமி சிலர் உடம்பில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். அப்படித் தங்கியவர்களிடம் கீழாநெல்லியைச் சென்னை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 1988இல் வெளியான முடிவு வியப்பானது: செடியின் பொடியைப் பெற்ற 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது, அதே போன்ற தோற்றத்தில் வெறும் பொடியைப் பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது.

உலகமே திரும்பிப் பார்த்தது. பிற நாடுகளிலும் சோதித்தார்கள். அந்த அளவு பலன் பின்னர் உறுதிப்படவில்லை. செடி வளர்ந்த மண், பறித்த பருவம், நோயாளிகளின் நிலை, சிறிய குழுவில் நேரும் தற்செயல் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. செடியை இகழ்வதற்காக இதை நான் எழுதவில்லை. நம் செடியை முறையாகச் சோதித்ததே பெருமைக்குரிய செயல். ஆனால் ஒருமுறை கண்டதை வேறு இடத்தில், வேறு கைகள் மீண்டும் காணும்வரை அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது ஒப்பீட்டுச் சோதனையின் விதி. கீழாநெல்லியை நம்பிக் கல்லீரல் நோயாளி ஒருவர் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுவது, இந்த விதியை மறப்பதால் வரும் ஆபத்து.

மீண்டும் தென்னைக்கு வருவோம். தென்னையில் சோதனை செய்வது கோதுமையைவிடக் கடினம். காரணம் அதன் நிதானம். மரத்தின் குருத்துக்குள் ஒரு பாளை அரும்பாகத் தோன்றியதிலிருந்து வெளியே வந்து வெடிப்பதற்கே ஏறத்தாழ 32 மாதங்கள் ஆகும். வெடித்த பாளையின் காய் முற்ற இன்னும் ஓர் ஆண்டு. ஆகவே இன்று பறிக்கும் காய்க்கும், மூன்றரை ஆண்டுகளுக்கு முன் மரம் பட்ட வறட்சிக்கும் தொடர்பு உண்டு. இந்த ஆண்டு ஏதோ ஒரு டானிக்கை (பையில் ஊற்றி வேரில் கட்டும் ஊட்டக் கரைசல்) கட்டிவிட்டு அடுத்த ஆண்டு காய் கூடியது என்று மகிழ்கிறவர், பழைய மழைக்கான கூலியைப் புதிய டானிக்குக்குக் கொடுக்கிறார் என்றே பல சமயம் சொல்ல வேண்டும். குரும்பை உதிர்வது குறைந்தால் மட்டுமே பலன் சீக்கிரம் தெரியும். அதோடு, ஒரு மரம் ஓராண்டு நிறையக் காய்த்தால் அடுத்த ஆண்டு குறையக் காய்க்கும் இயல்பும் உண்டு. அதனால்தான் தென்னை ஆராய்ச்சி நிலையங்களில் சோதனை தொடங்குவதற்கு முந்தைய சில ஆண்டுகளின் காய்க்கணக்கையும் மரம் மரமாக எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

இதைத் தன் தோப்பிலேயே செய்து பார்க்க ஒரு உழவரால் முடியும். சென்ற ஆண்டு பெரியப்பாவின் தோப்புக்கு ஒரு வியாபாரி வந்து, வேரில் கட்டும் டானிக் ஒன்றை எல்லா மரங்களுக்கும் கட்டச் சொன்னார். நான் 24 மரங்களை மட்டும் கேட்டு வாங்கினேன். வயதும் காய்ப்பும் ஒத்த பக்கத்துப் பக்கத்து மரங்களாகப் பார்த்து 12 இணைகளாகப் பிரித்து, மரங்களுக்குப் பெயிண்டில் எண் போட்டோம். ஒவ்வோர் இணைக்கும் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டினேன்; தலை விழுந்தால் கிழக்கே உள்ள மரத்துக்கு டானிக், பூ விழுந்தால் மேற்கே உள்ளதற்கு. மற்ற மரத்துக்கும் அதே நிறப் பையில் வெறும் தண்ணீர் ஊற்றி, வேர்முனையைச் சீவி உள்ளே விட்டுக் கட்டினோம். வேரைச் சீவியதாலேயே ஏதும் மாறுதல் நேர்ந்தால் அது இரு மரங்களுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பது இதன் நோக்கம். எந்த மரத்துக்கு எது என்ற தாள் என்னிடம் இருக்கிறது. காயை எண்ணி எழுதும் பெரியப்பாவிடம் இல்லை. மருத்துவச் சோதனையில் வெறும் மாத்திரை கொடுப்பதும், கணிப்பவர் கண்ணை மறைப்பதும் இதேதான்.

எத்தனை இணைகளில் டானிக் மரம் வென்றால் நம்பலாம்? டானிக்கில் சரக்கே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், நாணயம் சுண்டுவதுபோல, ஏறத்தாழ பாதி இணைகளில் அது வெல்லத்தான் செய்யும். 12இல் 7 அல்லது அதற்கு மேல் வெல்வதற்கு, வெறும் அதிர்ஷ்டத்தாலேயே 100க்கு ஏறக்குறைய 39 வாய்ப்பு உண்டு. ஆகவே 7 என்பது ஒன்றும் சொல்லாது. 10 அல்லது அதற்கு மேல் வெல்வதற்கு அதிர்ஷ்டத்தால் உள்ள வாய்ப்பு 100க்கு 2 மட்டுமே. அப்படி வந்தால், அதிர்ஷ்டத்தை ஒதுக்கிவிட்டு டானிக்கின் பக்கம் பார்க்கத் தொடங்கலாம். அதன்பிறகும் கூடுதலாக வந்த காயின் விலை டானிக்கின் விலைக்கும் கட்டுக்கூலிக்கும் காணுமா என்ற கணக்கு பாக்கி இருக்கும்.

பறக்கும் பூச்சிக்கு இந்த இணை முறை பொருந்தாது. ஒரு மரத்தில் விரட்டிய வெள்ளை ஈ பக்கத்து மரத்தில் போய் உட்காரும். அதற்குத் தோப்புத் தோப்பாகவே சீட்டுப் போட வேண்டும், அதற்குப் பல உழவர்கள் ஒன்றுசேர வேண்டும்.

பைகளைக் கட்டி முடித்த அன்று மாலை பெரியப்பா ஒரு கேள்வி கேட்டார். "தண்ணி கட்டுன மரம் என்னப்பா பாவம் பண்ணுச்சு?" ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையின்போதும் ஹில்லும் மற்றவர்களும் இதைத்தான் தங்களுக்குள் கேட்டிருக்க வேண்டும். அவருக்கு நான் சொன்ன விடை இது: அந்த 12 மரங்களுக்கும் வழக்கமான எருவும் உரமும் தண்ணீரும் குறையாமல் போகும், டானிக் மட்டும்தான் இல்லை. டானிக் நல்லதுதானா என்பது இன்னும் நமக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இப்படிப் பிரித்திருக்கவே கூடாது. குரும்பைக் கணக்கில் தெளிவான வேறுபாடு தெரிந்த அன்றே தாளைப் பிரித்து, மிச்ச மரங்களுக்கும் கட்டிவிடலாம். அவர் சற்று யோசித்துவிட்டு, நோட்டில் முதல் பக்கத்தில் மரங்களின் எண்களை ஒன்று முதல் 24 வரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராகக் குரும்பைக்கு ஒரு கட்டமும் காய்க்கு ஒரு கட்டமும் போட்டார்.